தரப்பட்டதா, வாங்கப்பட்டதா? அரச கொள்வனவு பற்றி ஒரு பாடம்

தோட்டத்துக்கு வரும் கொங்கிரீட் பாதை, பாடசாலைக்கு வரும் மேசை கதிரை, வைத்தியசாலைக்கு வரும் மருந்து, வீடமைப்புத் திட்டத்துக்கு வரும் சீமெந்தும் கூரைத்தகடும் ஆகிய யாவும் யாரோ ஒருவரால், எங்கோ ஓரிடத்தில், விலை கொடுத்து வாங்கப்பட்டவை. ஆனால் நாம் அப்படிச் சொல்வதில்லை. "அமைச்சர் தந்தார்", "சபை உறுப்பினர் போட்டுக் கொடுத்தார்", "தலைவர் பேசி எடுத்துத் தந்தார்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தந்தவருக்கு மாலை போடுகிறோம். அடுத்த மழையில் பாதை பெயர்ந்து போனால், தந்தவரை எப்படிக் குறை சொல்வது என்று வாய்மூடி இருந்துவிடுகிறோம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலைக்கு வாங்கிய மாட்டைப் பார்க்காமல் விடுபவர் எவருமில்லை. அரசாங்கம் வாங்கும் பொருள் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பதுளைக் கடைத்தெருவில் சவர்க்காரம் வாங்கும்போதும், தொலைபேசிக்குக் காசு போடும்போதும் நாம் வரி செலுத்துகிறோம். அந்தப் பணமும், நாட்டின் பெயரில் பெறப்பட்டு நம் பிள்ளைகள் திருப்பிக் கட்டவேண்டிய கடனும் சேர்ந்ததே பொதுப்பணம். அந்தப் பணம் எவ்வாறு பொருளாக மாறுகிறது, அந்த வழியில் நாம் எங்கே நின்று கேள்வி கேட்கலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் நலன்புரிச் சங்கங்களும் இதை இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரித்துப் படிக்கலாம்.

1. இது ஏன் நமக்குப் புதிய பாடம்?

நாட்டின் ஏனைய கிராமங்களில் பிரதேச சபை பாதை போடுவதும், மாகாண சபை கட்டடம் கட்டுவதும் நெடுநாட்களாக நடந்துவரும் காரியங்கள். தோட்டங்களில் நிலைமை வேறு. பாதை, லயம், தண்ணீர், பிள்ளை மடுவம் எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், 1992 இல் தனியார் கம்பனிகளின் முகாமைக்கு மாறிய பின்னரும், "தோட்டத்துக்குள் நடப்பது தோட்டத்தின் வேலை" என்ற நிலையே தொடர்ந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். ஆனால் அந்தச் சபையின் கல்லும் மண்ணும் அவர்களின் வாசலுக்கு வரமுடியாது. நீண்ட கோரிக்கையின் பின் 2018 இல் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது.

ஆகவே பொதுப்பணம் நேரடியாகத் தோட்டத்துக்குள் வரும் காலம் நமக்கு அண்மையில் தொடங்கியதே. பணம் வரும் வழி திறந்திருக்கிறது. அந்தப் பணம் எவ்வாறு செலவாகிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் நம்மிடையே வேரூன்றவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். தனியார் பெருந்தோட்டக் கம்பனி தன் பணத்தில் உரம் வாங்குவதும், தொழிற்சாலைக்கு இயந்திரம் வாங்குவதும் அரச கொள்வனவு அல்ல. பிரதேச சபை, பிரதேச செயலகம், மாகாணத் திணைக்களம், வலயக் கல்வி அலுவலகம், வைத்தியசாலை, அதிகாரசபை, அரச கூட்டுத்தாபனம் ஆகியன பொதுப்பணத்தில் வாங்குவதே அரச கொள்வனவு. எனவே ஒரு வேலை தொடங்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "இது யாருடைய பணம்?" என்பதாகும்.

2. வீட்டுக் கொள்வனவும் அரச கொள்வனவும்

தீபாவளிக்கு முன் ஒரு தாய் தன் மகளுக்குச் சட்டை வாங்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். என்ன தேவை என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கடை என்று அவளே தெரிவு செய்கிறாள். பணத்தை அவளே கொடுக்கிறாள். வீட்டுக்கு வந்து தையல் பிரிந்திருந்தால் அவளே திருப்பிக் கொண்டு போகிறாள். தேவையை அறிதல், தெரிவு செய்தல், பணம் கொடுத்தல், பொருளைச் சரிபார்த்தல் ஆகிய நான்கு வேலைகளையும் ஒருவரே செய்கிறார். பணமும் அவருடையது. எனவே ஏமாறும் வாய்ப்பு குறைவு.

அரச கொள்வனவில் இந்த நான்கு வேலைகளும் நான்கு பேரிடம் பிரிந்து கிடக்கின்றன. மேசையில் உட்காரப்போவது மாணவி. எத்தகைய மேசை என்று எழுதுபவர் ஓர் உத்தியோகத்தர். யாரிடம் வாங்குவது என்று தீர்மானிப்பது ஒரு குழு. பணத்தை விடுவிப்பவர் கணக்காளர். மேசை வந்து சேர்ந்தது என்று ஒப்பமிடுபவர் இன்னொருவர். இந்தப் பிரிவு வேண்டுமென்றே செய்யப்பட்டது. ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் களவுக்கு இடமுண்டு என்பதனால் ஒருவரை ஒருவர் கண்காணிக்கும்படி வேலை பிரிக்கப்பட்டது. ஆனால் இதனால் ஒரு குறையும் உண்டாகிறது. மேசையில் உட்காரப்போகும் மாணவியை எவரும் எந்தக் கட்டத்திலும் கேட்பதில்லை.

3. கொள்வனவின் படிகள்

இலங்கையில் அரச கொள்வனவு "பெறுகை" என்று அழைக்கப்படுகிறது. இதற்கான விதிகள் பெறுகை வழிகாட்டல்களில் உள்ளன. 2006 இல் வெளியான வழிகாட்டல்கள் நீண்டகாலம் நடைமுறையில் இருந்தன. 2024 ஆம் ஆண்டின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வழிகாட்டல்களை வகுக்கும் பொறுப்பு தேசிய பெறுகை ஆணைக்குழுவுக்கு உரியது. அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் 2015 இல் இந்த ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. 2020 இல் 20 ஆவது திருத்தம் அதை நீக்கியது. 2022 இல் 21 ஆவது திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது. யார் வாங்குகிறார் என்பதைவிட, வாங்குபவரை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதில் எவ்வளவு இழுபறி இருந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

பொதுவாகக் கொள்வனவு பின்வரும் படிகளில் நடைபெறும்.

முதலாவது, தேவையும் பணமும். என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று மதிப்பீடு செய்து, வரவுசெலவில் ஒதுக்கீடு பெற வேண்டும்.

இரண்டாவது, முறையைத் தெரிவு செய்தல். பெரிய தொகையாயின் பத்திரிகையில் விளம்பரம் செய்து, எல்லோரும் போட்டியிடும் பகிரங்க விலைமனு கோரப்படும். இதைத்தான் நாம் 'டெண்டர்' என்கிறோம். சிறு தொகையாயின் சில கடைகளில் எழுத்துமூலம் விலை கேட்டு வாங்கலாம். ஒரே ஒருவரிடம் நேரடியாக வாங்குவதற்கு விசேட காரணம் இருக்க வேண்டும். சிறு வேலைகளைப் பதிவுசெய்யப்பட்ட கிராம மட்டச் சங்கங்களிடம் ஒப்படைக்கும் முறையும் உண்டு.

மூன்றாவது, ஆவணம் தயாரித்தல். பொருளின் தன்மை, அளவு, தரம் ஆகியவை இதில் எழுதப்படும். இது விவரக்குறிப்பு எனப்படும். கட்டட வேலையாயின் எத்தனை கனமீற்றர் கொங்கிரீட், எத்தனை கிலோ கம்பி என்ற அளவுப் பட்டியலும் இருக்கும். 'பி.ஓ.கியூ.' என்று உத்தியோகத்தர்கள் சொல்வது இதையே.

நான்காவது, விலைமனுக்களைத் திறத்தல். குறித்த நேரம் முடிந்தவுடன், மனுச் செய்தவர்களின் முன்னிலையில் உறைகள் திறக்கப்பட்டு விலைகள் உரத்து வாசிக்கப்பட வேண்டும். நேரம் பிந்தி வந்த உறை திறக்கப்படாமலே திருப்பி அனுப்பப்படும்.

ஐந்தாவது, மதிப்பீடு. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு மனுக்களை ஆராய்ந்து சிபாரிசு செய்யும். பெறுகைக் குழு தீர்மானிக்கும். இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். "ஆகக் குறைந்த விலைக்கே கொடுக்கவேண்டும் என்பது சட்டம்" என்று பலர் சொல்வர். விதி அதுவல்ல. கேட்ட தரத்துக்கும் நிபந்தனைக்கும் பொருந்திய மனுக்களுள், மதிப்பிட்டுப் பார்க்கையில் குறைந்ததாக அமைவதே தெரிவு செய்யப்பட வேண்டும். தரத்துக்குப் பொருந்தாத மலிவு விலை போட்டிக்குள்ளேயே வராது.

ஆறாவது, ஒப்பந்தமும் வேலையும். வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு ஒப்பந்தக்காரர் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டு, வேலை முடிந்தபின் குறைபாடு திருத்தும் காலம் கழிந்த பிறகே விடுவிக்கப்படும்.

ஏழாவது, ஏற்றுக்கொள்ளல். பொருள் கேட்டபடி வந்ததா, வேலை அளவுப்படி முடிந்ததா என்று சரிபார்த்து ஒப்பமிட்ட பின்னரே பணம் வழங்கலாம். பின்னர் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் கணக்கைப் பரிசீலிக்கும்.

இந்த ஏழு படிகளில் நடுவிலுள்ள விளம்பரம், உறை திறத்தல், மதிப்பீடு ஆகியவற்றைப் பற்றியே ஊரில் அதிகம் பேசப்படுகிறது. 'டெண்டர் யாருக்கு விழுந்தது?' என்பதே எல்லோர் வாயிலும் உள்ள கேள்வி. ஆனால் அந்த நடுப்பகுதி அலுவலகத்துக்குள் நடப்பது. மக்களாகிய நாம் உள்ளே நிற்க முடியாது. நாம் நிற்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, என்ன வாங்குவது என்று எழுதும் இடம். மற்றது, வந்ததை ஏற்றுக்கொள்ளும் இடம். இவற்றை முன்வாசல், பின்வாசல் என்று அழைப்போம். ஒரு கொள்வனவு பயன்படுவதும் பாழாவதும் பெரும்பாலும் இந்த இரண்டு வாசல்களிலேயே தீர்மானமாகின்றன.

4. முன்வாசல்: என்ன வேண்டும் என்று எழுதும் இடம்

ஓர் எடுத்துக்காட்டை எடுப்போம். ஒரு தோட்டப் பிரிவுக்குக் குழாய் நீர்த்திட்டம் ஒன்று வருகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜனவரியில் வந்து மலை ஊற்றைப் பார்க்கிறார். ஊவாவில் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரிலிருந்து பெய்து ஓயும் காலம் அது. ஊற்றில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. அந்த அளவை வைத்துத் தாங்கியும் குழாயும் எழுதப்படுகின்றன. விலைமனு ஒழுங்காகக் கோரப்படுகிறது. நேர்மையான ஒப்பந்தக்காரர் நல்ல சீமெந்து போட்டுத் தாங்கியைக் கட்டி முடிக்கிறார். ஒரு சதமும் களவு போகவில்லை. ஆனால் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது அந்த ஊற்று நூலளவாகச் சுருங்கிவிடும். தாங்கி வெறுமையாக நிற்கும்.

இந்தத் தகவல் எவருக்கும் தெரியாததா? குடம் சுமக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். எந்த ஊற்று வற்றும், எந்த ஊற்று வற்றாது, எதற்கு மேலே லயத்துக் கழிவுநீர் ஓடுகிறது என்பதெல்லாம் அவர்கள் விரல்நுனியில் வைத்திருக்கும் அறிவு. அந்த அறிவு விவரக்குறிப்பில் ஏறவில்லை. விவரக்குறிப்பில் ஏறாத எதையும் எந்த ஒப்பந்தக்காரரும் செய்து தரமாட்டார். செய்யும்படி அவரைக் கேட்கவும் முடியாது. ஆகவே திட்டம் பற்றிய பேச்சு தொடங்கும் நாளிலேயே நம் சங்கங்கள் தேவையை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியை வைத்திருக்க வேண்டும்.

பெரிய அளவில் இதே பாடத்தை நம் மாகாணம் உமா ஓயாவில் கற்றது. உமா ஓயா பல்நோக்குத் திட்டத்துக்கு 2008 இல் அடிக்கல் நடப்பட்டது. ஈரானின் ஏற்றுமதி அபிவிருத்தி வங்கியின் கடனை நம்பி வந்த திட்டம் இது. கடனோடு ஒப்பந்தக்காரரும் வந்தார். ஈரானிய நிறுவனமான பராப் வேலையைச் செய்தது. கடன் கொடுக்கும் நாடே விற்பனையாளரையும் காட்டும்போது பகிரங்கப் போட்டிக்கு இடம் சுருங்கிவிடுகிறது. ஈரான் மீதான தடைகளால் கடனின் சிறு பகுதியே கிடைத்தது. மீதியை இலங்கை அரசே சுமந்து வேலையை முடித்தது. சுரங்கம் தோண்டும்போது 2014 இன் இறுதியிலிருந்து நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017 இல் மக்கள் பண்டாரவளையில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தனர். 120 மெகாவாற் மின்சாரம் தரக்கூடிய அந்தத் திட்டம் 2024 ஏப்ரல் 24 இல் திறந்து வைக்கப்பட்டது.

மின்சாரமும் நீர்ப்பாசனமும் நாட்டுக்குத் தேவை என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும் சுரங்கத்துக்கு மேலே குடியிருந்தவர்களின் கிணறு என்னவாகும் என்ற கேள்வி, ஒப்பந்தம் எழுதும் முன் கேட்கப்பட வேண்டியது. கிணறு வற்றிய பின் கேட்கும்போது அது இழப்பீட்டுக் கேள்வியாக மாறிவிடுகிறது.

5. பின்வாசல்: வந்ததை ஏற்றுக்கொள்ளும் இடம்

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தோட்டப் பாதை 300 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறு அங்குலக் கனத்தில் கொங்கிரீட் இடப்பட வேண்டும் என்று அளவுப் பட்டியல் சொல்கிறது. 300ஐ 3ஆல் பெருக்கி, 0.15ஆல் பெருக்கினால் 135 கனமீற்றர் கொங்கிரீட் வரும். அதே பாதை நாலு அங்குலக் கனத்தில், அதாவது 100 மில்லிமீற்றரில் போடப்பட்டால் 90 கனமீற்றரே செல்லும். 45 கனமீற்றர் கொங்கிரீட், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாதைக்குள் போகவில்லை. பாதை முடிந்தபின் மேலே நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது. நீளமும் அகலமும் சரியாகவே இருக்கும். தேயிலை லொறி ஏறி இறங்கிச் சில மாதத்தில் வெடிப்பு விழும்போது, "மலைநாட்டு மழை அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் படிப்பு வேண்டியதில்லை. கொங்கிரீட் போடும் நாளில் பலகை அடித்திருக்கும்போது ஓர் அடிக்கோலை வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் எத்தனை அங்குலம் என்று ஒப்பந்தம் சொல்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு எண் தெரியாதபோது, பாதையோரத்தில் நிற்கும் நூறு பேரும் வேடிக்கை பார்ப்பவர்களே.

பொருளை ஏற்றுக்கொள்ளும் வாசல் எவ்வளவு முக்கியம் என்பதை 2021 இல் நடந்த உர விவகாரம் முழு நாட்டுக்கும் காட்டியது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தேயிலைத் தோட்டங்களும் வெலிமடை, ஊவா பரணகம மரக்கறித் தோட்டங்களும் உரமின்றித் தவித்தன. அதற்குப் பதிலாகச் சீன நிறுவனம் ஒன்றிடமிருந்து சேதன உரம் வாங்க அரசு உர நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்தன. அனுப்பப்பட்ட மாதிரியைத் தாவரத் தொற்றுக்காப்புப் பிரிவினர் சோதித்தபோது பயிருக்குத் தீங்கான 'எர்வினியா' பக்றீரியா இருப்பதாக அறிவித்தனர். நிறுவனம் அதை மறுத்தது. அதற்கிடையில் உரத்தை ஏற்றிய 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பல் புறப்பட்டுவிட்டது. வங்கியின் நாணயக் கடிதமும் திறக்கப்பட்டிருந்தது. நீதிமன்றம் பணம் வழங்குவதை இடைநிறுத்தியது; சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. ஈற்றில் 2022 ஜனவரியில் 67 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து விவகாரம் முடிக்கப்பட்டது. ஒரு மூடை உரமும் இறக்கப்படவில்லை.

மாதிரி சோதிக்கப்பட்டுச் சரியென்று கண்ட பின்னரே கப்பல் ஏற்றவும் பணம் உறுதிப்படுத்தவும் வேண்டும் என்ற ஒழுங்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். சோதனையும் பணமும் ஒன்றையொன்று முந்தும்போது, வாங்குபவர் பொருளும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்பார்.

6. அவசர காலத்தில் வாங்குதல்

மலை சரியும்போது 21 நாள் விளம்பரம் போட்டுக் காத்திருக்க முடியாது. ஆகவே அவசர காலத்தில் படிகளைச் சுருக்கி வாங்குவதற்கு விதிகள் இடம் தருகின்றன. இது நியாயமானதே. ஆனால் அவசரம் என்ற சொல்லுக்குள் இரண்டு ஆபத்துகள் உள்ளன.

ஓர் ஆபத்து, அவசரத்தின் பெயரில் சோதனையைக் கைவிடுவது. மருந்துத் தட்டுப்பாட்டின் மத்தியில் 2023 இல் அரச வைத்தியசாலைகளுக்கு வந்த நோயெதிர்ப்பு ஊசிமருந்து தரமற்றதென்று தெரியவந்தது. அது தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். தனியார் வைத்தியசாலைக்குப் போக வசதியற்ற நோயாளியே இத்தகைய கொள்வனவுக்கு முதலில் பலியாகிறார்.

மற்ற ஆபத்து, உண்மையான அவசரத்தில் தாமதம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் தங்கியிருந்தனர். அவர்களுக்கான 75 வீடுகள் கையளிக்கப்படுவதற்கு 2016 ஒக்டோபர் ஆயிற்று. இரண்டு வருடம் என்பது ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு விலகப் போதுமான காலம்.

2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' சூறாவளியுடன் வந்த மழையினால் பதுளை மாவட்டத்திலும் பல இடங்களில் மலை சரிந்தது. இத்தகைய அழிவின் பின் வீடு, பாதை, பாலம், குழாய் என்று பெருந்தொகையான கொள்வனவு குறுகிய காலத்தில் நடைபெறும். விரைவாக நடக்கட்டும் என்றே நாமும் கேட்கிறோம். அதேவேளையில், விரைவு என்பது பதிவேடு எழுதாமல் விடுவதற்கோ, வீட்டுக் கூரையின் கனத்தைக் குறைப்பதற்கோ அனுமதியாகாது. படிகள் குறையும்போது பின்வாசலில் நிற்கும் கண்கள் கூடவேண்டும்.

7. கேட்பதற்குச் சட்டம் தரும் உரிமை

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரஜை எவரும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். பிரஜாவுரிமைக்காகப் பல தசாப்தங்கள் போராடிய சமூகம் நாம். கையிலுள்ள அடையாள அட்டை வாக்களிக்கும் நாளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இச்சட்டம் நினைவூட்டுகிறது.

இச்சட்டத்தின்படி ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுதிக்கொள்வது அவருடைய கடமை. தமிழில் கேட்கலாம், பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் போகலாம்.

இச்சட்டத்தின் 9 ஆம் பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமாயின், அல்லது வெளிநாட்டுப் பணத்தில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டமாயின், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அதுபற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும் அத்திட்டத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. 5 இலட்சம் ரூபா என்பது இன்று ஒரு சிறு பாதைக்கும் போதாத தொகை. ஆகவே நம் தோட்டத்துக்கு வரும் அநேக வேலைகள் இந்தப் பிரிவுக்குள் வரும்.

இலஞ்சம் கேட்கப்பட்டால், அல்லது ஒருவரை விலைமனுவிலிருந்து விலகச்செய்யப் பணம் கைமாறினால், அது குற்றம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆனால் எல்லாத் தவறும் ஊழலாகாது. அறியாமையும் கவனக்குறைவும் ஆள் பற்றாக்குறையும் உண்டு. மரியாதையோடு கேட்ட ஒரு கேள்வியிலேயே பல தவறுகள் திருந்திவிடும்.

8. நமது சங்கம் செய்யக்கூடியவை

அ. தோட்டத்துக்கு வரும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொப்பி வையுங்கள். யாருடைய பணம், எவ்வளவு தொகை, ஒப்பந்தக்காரர் யார், தொடங்கும் திகதி, முடியும் திகதி, குறைபாடு திருத்தும் காலம் எப்போது முடிகிறது ஆகிய ஆறையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆ. வேலை தொடங்குமுன் அளவுப் பட்டியலின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். அதிலுள்ள முக்கிய எண்களை, நீளம், அகலம், கனம், கம்பியின் பருமன், சீமெந்துக் கலவை என்று எளிய தமிழில் எழுதி, பிரட்டுக்களத்திலோ கோவில் வாசலிலோ ஒட்டுங்கள்.

இ. அளந்து பார்ப்பதற்கு மூவரை நியமியுங்கள். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தோட்டத்திலுள்ள மேசன்மாரின் அறிவைப் பயன்படுத்துங்கள். வேலையை நிறுத்தவோ வாய்த்தர்க்கம் செய்யவோ வேண்டாம். கண்டதைத் திகதியோடு எழுதி, படம் எடுத்து, தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கொடுத்து, பிரதியில் ஒப்பம் பெறுங்கள்.

ஈ. குறைபாடு திருத்தும் காலத்தை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துக்குள் பாதை வெடித்தால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் திருத்த வேண்டும். பிடித்து வைத்த பணம் இன்னும் அரசின் கையில் இருக்கும் நாட்கள் அவை. அது முடிந்தபின் முறையிட்டால் புதிய ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க நேரும்.

உ. சங்கமே வேலையைப் பொறுப்பேற்கும் வாய்ப்பு வந்தால் யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள். நம் இளைஞருக்கு வேலையும் சங்கத்துக்கு அனுபவமும் கிடைக்கும். ஆனால் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம் எடுத்து, வெளியாரொருவர் பின்னால் இருந்து வேலை செய்யும்படி பெயரை வாடகைக்கு விடாதீர்கள். பிழை வந்தால் கையெழுத்திட்ட தலைவரும் பொருளாளருமே பதில் சொல்ல வேண்டும்.

ஊ. நல்ல வேலை செய்த உத்தியோகத்தரையும் ஒப்பந்தக்காரரையும் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். நேர்மையாகச் செய்பவர் மலிவாகக் கேட்பவரிடம் தோற்றுப்போகும் நாட்டில், ஊராரின் நற்சாட்சி அவருக்கு ஒரு பலம்.

கலந்துரையாடலுக்கு

1. கடந்த ஐந்து வருடங்களில் நமது தோட்டத்துக்கு வந்த வேலைகளைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் எவை பொதுப்பணம், எவை கம்பனிப் பணம், எவை தொண்டு நிறுவனப் பணம்?

2. அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அது பழுதாகியிருந்தால், பழுது முன்வாசலில் தொடங்கியதா, பின்வாசலில் தொடங்கியதா?

3. நமது பாடசாலைக்கு நூறு மேசை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். என்ன மரம், என்ன உயரம், எத்தனை ஆணி என்று விவரக்குறிப்பை நாமே எழுதிப் பார்ப்போம். மாணவரிடமும் கேட்டு எழுதுவோம்.

4. "தந்தவரைக் கேள்வி கேட்பது நன்றிகெட்டதனம்" என்று நம் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னால், அவர் மனம் நோகாமல் என்ன பதில் சொல்வோம்?

அடுத்த கூட்டத்துக்கு முன் செய்யவேண்டியது: இப்போது நடைபெறும் அல்லது அண்மையில் முடிந்த ஒரு வேலையின் அளவுப் பட்டியலைக் கேட்டுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதத்தைக் கொடுத்த திகதியையும் பதில் கிடைத்த திகதியையும் கொப்பியில் குறித்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள்.